பித்தளைக் குழியில் சந்தனம்

நான் என் மனைவிக்குச் சொன்ன பொய்களில் அதிக காலம் தாக்குப்பிடித்தது, புல்லு வெட்டும் மெசின் பற்றிய பொய். பதினைந்து மாதம் அது பழுதில்லாமல் ஓடியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தின் ஒடாஹுஹுவில், ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். அவள் பக்குரங்காவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடும் வேலை. நான் கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் ஒரு வருடம் கைவிரல் விறைக்க நின்றுவிட்டு, பாபகூராவில் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன வேலைத்தலத்தில் லேத் மெசின் பிடிக்கச் சேர்ந்தேன். ஊரில் பன்னிரண்டு வருடம் லேத்தில் நின்றவன் நான். மறுபடியும் அந்த எண்ணெய் மணத்துக்குள் நுழைந்தபோது எனக்குக் கண் கலங்கியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்று பின்னேரம் அவள், "அங்க என்ன சாமான் திருத்திறவை?" என்று கேட்டாள். "புல்லு வெட்டுற மெசின்," என்றேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கோடைகாலத்தில் நாலைந்து புல்லு மெசினும் வரத்தான் செய்தன. ஆனால் அந்த இடத்துக்குச் சோறு போட்டது துவக்கு. மானும் பன்றியும் முயலும் சுடப் போகிறவர்களின் துவக்குகள். குழாய் பார்ப்பது, விசை பார்ப்பது, மரக்கட்டை பிளந்தால் ஒட்டுவது. முதலாளி வெள்ளைக்காரர். நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் கூட.

அவளிடம் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் அவளுடைய தம்பி. எங்களுக்குக் கலியாணமாகி இரண்டாம் வருடம், ஊரில் சண்டை நடந்த காலத்தில் அது நடந்தது. பின்னேரம் மூன்று மணிபோல, சங்கக்கடைக்குச் சீனி வாங்கச் சைக்கிளில் போனவன். தெருவில் வெடிச்சத்தம் கேட்டது. சனம் எல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தது. பொழுதுபடும் நேரத்தில்தான் ஆட்கள் துணிந்து வெளியே போய்ப் பார்த்தார்கள். வாழைத் தோட்டத்துக்குள் கிடந்தான். சூடு தொடையில். போட்டிருந்த சட்டையைத் தானே கழற்றித் தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். முடிச்சு ஒழுங்காக இருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்தது என் மனைவி. எவர் சுட்டது என்று இன்றைக்கும் தெரியாது, அந்த நாட்களில் அதைக் கேட்டு விசாரிப்பதும் புத்தியில்லை.

அவன் கன நேரம் உயிரோடு இருந்திருக்கிறான் என்பதுதான் அவளைத் தின்றது. "உடன போயிருந்தாலாவது," என்று சொல்லத் தொடங்கி, முடிக்காமல் விட்டுவிடுவாள். நியூசிலாந்துக்கு வந்த பிறகு, நவம்பர் மாதத்தில் வெள்ளைக்காரர் வாணவெடி கொளுத்தும் நாட்களில், குளியலறைக் கதவைச் சாத்தி, கீழிடுக்கில் துவாயை அடைத்துவிட்டு உள்ளே இருப்பாள். நான் வெளியே நின்று, "முடிஞ்சுது, வாரும்," என்று கூப்பிடுவேன். இப்படிப்பட்டவளிடம் போய், நான் துவக்குத் திருத்துகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

பொய்யைக் காப்பாற்றுவது உண்மையைச் சொல்வதைவிடப் பெரிய வேலை. சில துவக்குகளில் போடும் கறுப்பு வெடிமருந்து கெட்ட மணம் உடையது, அழுகின முட்டையும் கந்தகமும் கலந்தமாதிரி. வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டு முழங்கை வரை கழுவுவேன். அப்படியும் ஒருநாள் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்கட புல்லு மெசின் என்னப்பா சீனவெடி மணக்குது?" என்றாள். கையை இழுத்துக்கொண்டேன். "அது பழைய பெற்றோல் மணம்," என்றேன். இன்னொரு தலையிடி லைசென்ஸ். முதலாளி, துவக்கு லைசென்ஸ் எடு, எடு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். அதற்கு விண்ணப்பித்தால் பொலிஸ் வீட்டுக்கு வந்து மனைவியையும் இருத்தி வைத்து விசாரிக்கும். பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று ஒரு வருடத்தைக் கடத்தினேன். லைசென்ஸ் இல்லாததால் முதலாளி பக்கத்தில் இல்லாமல் நான் எதையும் தொடமுடியாது. ஒரு துவக்காலும் நான் சுட்டதில்லை. அதை ஒரு பெரிய யோக்கியதையாக மனத்துக்குள் வைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான், இரண்டாம் வருடத்துக் குளிர்காலத்தில், அந்தப் பெரிய மனிதர் வந்தார். பெரியவர் என்றது உடம்பைத்தான். பால்மாட்டுப் பண்ணை வைத்திருந்து விற்றுவிட்டு ஓய்ந்தவர், கதவுநிலையில் தலை இடிக்கும் உயரம், குரல் மட்டும் மிக மெல்லியது. கையில், குழாயின் வாய் வழியாக வெடிமருந்து போடும் துவக்கு. பழங்காலத்து ரகம், ஆனால் புதிதாகச் செய்தது. ஒரு வெடி வைத்தால் மறுபடி ஏற்ற இரண்டு மூன்று நிமிடம் போகும். அதனால்தான் தனக்கு அது பிடிக்கும் என்றார். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் மனிதன் யோசித்துச் சுடுவானாம்.

இலையுதிர்காலத்தில் ஒரு மானைச் சுட்டிருக்கிறார். குண்டு நினைத்த இடத்தில் படவில்லை. வயிற்றுப் பக்கம் பட்டு மான் ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடியிருக்கிறார். இரண்டாம் நாள் ஒரு ஓடைக்கரையில் கண்டபோது அது உயிரோடு இருந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த அரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்தத் துவக்கு நேராகச் சுடாவிட்டால் இனித் தொடமாட்டேன் என்றார். முதலாளி என்னைக் காட்டி, இவனிடம் விட்டுவிட்டுப் போ என்றார். நான் அந்த ஓடைக்கரையை நினைக்கவில்லை. வாழைத் தோட்டத்தைத்தான் நினைத்தேன். அந்த வேலையை ஒரு வெறியோடு எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ரகத் துவக்கில் தோட்டா இல்லை. குழாயின் வாய்க்குள் முதலில் மருந்தை அளந்து கொட்டவேண்டும். பிறகு குண்டு. குண்டு குழாயைவிட மெல்லியது, ஆகவே அதற்குப் பிளாஸ்டிக்கில் ஒரு உறை உண்டு. சபோ என்பார்கள். அடி தட்டையாக, மேலே நாலு இதழாகப் பிரிந்திருக்கும். குண்டை அதற்குள் இருத்தி, நீளக் கம்பியால் அடி வரைக்கும் தள்ளவேண்டும். வெடித்ததும் சபோ குண்டை இறுகப் பிடித்தபடி குழாய்க்குள் சுழன்று வரும். வெளியே வந்ததும் நாலு இதழும் காற்றில் விரிந்து அது கழன்று விழும், குண்டு தன் வழியே போகும். என் கொப்பியில் நான் சபோ என்று எழுதவில்லை. சட்டை என்று எழுதினேன். எழுதும்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பாபகூராவுக்குத் தெற்கே ஒரு பண்ணையில் புல்வெளி ஒன்று எங்களுக்குச் சுட்டுப் பார்க்கக் கிடைத்தது. முதலாளி மேசையில் மண்மூட்டை வைத்துச் சுடுவார். எட்டுத் திசையிலும் குண்டு போனது. குறிக்கு வைத்த கடதாசியில் ஐந்து வெடிக்கு ஐந்து துளை, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில். என் வேலை முன்னால் நடந்துபோய்ப் புல்லுக்குள் கிடக்கும் சட்டைகளைப் பொறுக்குவது. பத்துப் பதினைந்து அடி தள்ளி விழுந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் எந்த வெடி என்று இலக்கம் எழுதி, மேசையில் வரிசையாக வைத்துப் பார்ப்பேன். குண்டு எங்கே போனது என்பதைக் கடதாசி சொல்லும். ஏன் போனது என்பதைச் சட்டைதான் சொல்லும். நாலு இதழும் சமமாக மலர்ந்திருந்தால் நல்லது. ஒன்று கிழிந்து மற்றது மூடிக் கிடந்தால் உள்ளே ஏதோ கோளாறு.

முதலாளிக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் பார்க்கும் அவசரம். நான் விடவில்லை. காய்ச்சல்காரனுக்கு நாலு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் என்று பிடிவாதமாக நின்றேன். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழாய்க்குள் பிடித்த கரியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஏற்றினோம். குண்டுகளின் விலகல் கொஞ்சம் குறைந்தது. சூடான குழாய்க்குள் போட்டால் பிளாஸ்டிக் இளகுகிறது என்று கண்டு, வெடிக்கு வெடி குழாய் ஆறும் வரை காத்திருந்தோம். இன்னும் கொஞ்சம் குறைந்தது. தடித்த சட்டை, மெல்லிய சட்டை, மருந்தில் கூட்டல் குறைத்தல் எல்லாம் பார்த்தோம். குழாயின் வாய் விளிம்பில் மயிரளவு ஒரு பிசிறு இருந்தது, அதையும் தேய்த்தெடுத்தேன். அப்படியும் மூன்றில் ஒன்று விலகிப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தேன். குற்றம் கம்பியின் நுனியில். அது தட்டையான நுனி. மிருதுவான ஈயக் குண்டின் மூக்கை அது ஒரு பக்கமாக நசுக்கி, குண்டைச் சட்டைக்குள் சரிவாக இருத்திவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவுதான். குழாய்க்குள் சுழன்று வெளியே போகும்போது அது தள்ளாடும். நான் பித்தளையில் ஒரு புது முனை கடைந்தேன். குண்டின் மூக்கு அச்சாகப் பொருந்துகிற மாதிரி உள்ளே ஒரு சின்னக் குழி. அதை மினுக்கி, கம்பியில் பூட்டிக் கொடுத்தேன். முதலாளி சுட்டார். மூன்று துளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அவர் கடதாசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூத்தாடினார். அன்று ரயிலில் நான் எனக்குள் பாட்டு முணுமுணுத்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் மனத்தோடு சந்தோசப்பட்ட முதல் நாள் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கிழமை நவராத்திரி. போன வருடம் வேலைத்தலத்துச் சாமான்களை வெளியே கொண்டு வரக்கூடாது என்று சொல்லித் தப்பியிருந்தேன். இந்த வருடம் அவள் விடவில்லை.

"உங்கட ஆயுதத்தைக் கொண்டு வாங்கோ. ஆயுத பூசைக்கு வைக்க வேணும்."

"அதெல்லாம் எண்ணெய் ஊத்தை. உமக்கேன்?"

"எங்களுக்குச் சோறு போடுற சாமானுக்கு ஒரு பொட்டு வைக்காமல் என்னத்துக்குப் பூசை? கொண்டு வாங்கோ."

எங்கள் மொழியில் சுத்தியலும் ஆயுதம்தான், துவக்கும் ஆயுதம்தான். அந்தச் சொல்லை அவள் எவ்வளவு வெள்ளை மனத்தோடு சொன்னாள் என்பதை நினைத்து நான் கூசிப்போனேன். பெட்டியை எடுத்து வந்தேன். என் சொந்தப் பெட்டி, அரமும் உளியும் அளவுகோலும்தான் இருக்கிறது என்ற தைரியம். மேல் தட்டில், பெரிய மனிதர் செவ்வாய்க்கிழமை வந்து எடுக்கட்டும் என்று வைத்த பித்தளை முனையை மறந்துபோனேன். கம்பியிலிருந்து கழற்றி, விளிம்பை இன்னும் ஒருமுறை மினுக்கி, துருப்பிடிக்காமல் இருக்கத் துவக்கைத் துடைக்கும் கிரீசை உள்ளே தடவி வைத்திருந்தேன். பித்தளை துருப்பிடிக்காது என்பது எனக்குத் தெரியாதா? கைப்பழக்கம்.

சாமிப் படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, அவளுடைய தையல் மெசின், அரிவாள், சோறு வடிக்கும் பானை, இரண்டு மூன்று புத்தகம், எல்லாம் வைத்தாள். என் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். பித்தளை முனையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னப்பா, சிமிழ் மாதிரி வடிவா இருக்கு?"

"மெசினுக்குள்ள போடுற ஒரு துண்டு."

"நீங்கள் செய்ததோ?"

"ஓம்."

"வடிவாச் செய்திருக்கிறியள்," என்று சொல்லி, அதைக் குழி மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தாள். அரத்துக்கும் உளிக்கும் கைபிடியில் பொட்டு வைத்தாள். அதற்கு எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மோதிரவிரலால் சந்தனத்தைத் தொட்டுக் குழிக்குள் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அடுத்தநாள் மற்றச் சாமான்களின் பொட்டைத் துணியால் துடைத்தேன். பித்தளையும் மஞ்சள், சந்தனமும் மஞ்சள். அது என் கண்ணில் படவேயில்லை.

பெரிய மனிதர் வந்து முனையை வாங்கிப் பூட்டிக்கொண்டார். கடதாசியில் இருந்த மூன்று துளையைப் பார்த்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுபடி சுட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று முதலாளி சொன்னார், நானும் தலையாட்டினேன்.

மூன்று கிழமை கழித்து அவர் திரும்பி வந்தார். கோபம் என்று ஒன்றும் முகத்தில் இல்லை. ஐம்பது மீட்டர் தூரத்தில் மான் பக்கம் காட்டி நின்றதாம். துவக்கைக் கிளையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துத்தான் சுட்டிருக்கிறார். புகை விலகியபோது மான் அங்கேயே நின்று அவரைப் பார்த்ததாம். பிறகு காதை ஆட்டிவிட்டுப் பன்னச் செடிப் பற்றைக்குள் நடந்து போய்விட்டதாம். காயம் பட்டிருக்குமோ என்ற பயத்தில் முழங்காலில் இருந்து அரைநாள் இரத்தம் தேடியிருக்கிறார். ஒரு சொட்டும் இல்லை. பின்னால் நின்ற மரத்தில், ஒரு கை அகலம் தள்ளி, குண்டு ஏறியிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. அன்றைக்கே பண்ணைக்குப் போய்ச் சுட்டோம். பழையபடி சாப்பாட்டுக் கோப்பை அகலம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் மருந்தை ஈரமாக வைத்திருப்பார், துடைக்காமல் ஏற்றியிருப்பார் என்று அந்தப் பாவப்பட்ட மனிதரிலேயே பழியைப் போட்டேன். அவர் எல்லாவற்றையும் நான் எழுதிக் கொடுத்தபடியே செய்திருந்தார். தாளைக்கூட மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

சட்டைகளைப் பொறுக்கினேன். எல்லாவற்றிலும் ஒரே பக்கத்து இதழ் கிழிந்திருந்தது. மருந்து போடாமல் ஒரு குண்டை இறக்கி, குழாயின் பின்பக்கத்து அடைப்பைக் கழற்றி, வெளியே தள்ளிப் பார்த்தேன். குண்டு சரிந்திருந்தது. அதன் மூக்கில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று ஒரு தழும்பு. அப்போதுதான் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். குழியின் ஒரு ஓரத்தில் ஏதோ தடித்திருந்தது. ஊசியால் சுரண்டினேன். மஞ்சளாகத் துகள் வந்தது. கிரீசோடு சேர்ந்து, அழுத்த அழுத்த இறுகி, சீமெந்து மாதிரிப் பிடித்திருந்தது. பித்தளைத் தூளாக்கும் என்று மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

எங்கள் வீட்டுச் சாமியறை மணம். அங்கே கிடந்த பெட்டியில் இருந்துவிட்டேன்.

மறைத்திருக்கலாம். ஏதோ அழுக்கு என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழகினவனுக்கு அந்த நேரம் ஒரு பொய்யும் வரவில்லை. எங்கள் ஆட்கள் வருடத்தில் ஒருநாள் தொழில் சாமான்களை வைத்துக் கும்பிடுவோம், சந்தனம் வைப்போம், என் மனைவி வைத்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடவுளை வேலைத்தலத்துக்கு வெளியே வைத்திருக்கச் சொல் என்றார். பெரிய மனிதர் சிரிக்கவில்லை. முனையை வாங்கி அவரும் முகர்ந்து பார்த்தார். பிறகு அந்த மெல்லிய குரலில், "உன் மனைவியிடம் சொல். அந்த மானை அவர்தான் காப்பாற்றினார். எனக்குக் கோபம் இல்லை என்றும் சொல். மறக்காமல் சொல்," என்றார். மறக்காமல் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பாபகூராவிலிருந்து ஒடாஹுஹு வரைக்கும் அந்தச் செய்தியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மானைப் பற்றிச் சொல்வதென்றால் துவக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். துவக்கைப் பற்றிச் சொன்னால் பதினைந்து மாதத்தையும் சொல்லவேண்டும். ஒருவர் நல்ல மனத்தோடு கொடுத்த சொல்லைக் கொடுக்காமல் விடவும் மனம் வரவில்லை. அதைவிட, அவளை ஏமாற்றி அவள் கையாலேயே துவக்குச் சாமானுக்குப் பொட்டு வைக்கவிட்டேன் என்பது என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

அவள் அடுப்படி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். நான் முன்னால் இருந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் சொன்னேன். புல்லு மெசின் இல்லை, துவக்கு என்றேன். ஒருநாளும் நான் சுட்டதில்லை என்றேன். அவள் கை நிற்கவில்லை, முறித்துக்கொண்டே இருந்தாள். முனை எதற்கு என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. "குண்டுக்கு ஒரு சட்டை போட்டு..." என்றேன்.

கை நின்றது.

"குண்டுக்குச் சட்டையோ?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்காக அந்தச் சொல்லைக் கொப்பி கொப்பியாக எழுதியிருக்கிறேன். தம்பியின் தொடையில் அவள் அவிழ்த்த முடிச்சு ஒருமுறையாவது எனக்கு ஞாபகம் வரவில்லை. எப்படிப்பட்ட மனிதன் நான்? "உம்மட்டச் சொல்லாமல் விட்டது பிழை," என்றேன்.

"நீங்கள் சுடேல்லை," என்றாள் மெதுவாக. "நேராக்கிக் குடுத்தனீங்கள்."

"ஓம்."

ஒரு ரயில் போனது, கோப்பைகள் கிலுங்கின. நான் அந்த மனிதரின் செய்தியைச் சொன்னேன். சந்தனத்தால் குண்டு விலகிப் போனது, மான் தப்பிவிட்டது, அவருக்குக் கோபம் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு காயமும் படேல்லையோ?"

"இல்லை. அரைநாள் தேடினவராம். ஒரு சொட்டு இரத்தமும் இல்லை."

"நான் வைச்ச பொட்டாலயோ?"

"ஓம்."

பயற்றங்காய்த் தட்டைத் தள்ளி வைத்தாள். தன்னுடைய மோதிரவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். நான் துவக்குக்காக அழுகிறாள், பொய்க்காக அழுகிறாள் என்று நினைத்து, வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவள் தலையாட்டி மறித்தாள்.

"ஊரில அந்தத் துவக்குக்கும் ஆராவது ஒரு பெண் வைச்சிருக்கலாம்," என்றாள். "ஒரு பொட்டுச் சந்தனம். அவ்வளவுதானே வேண்டிக் கிடந்தது."

அந்த மாதம் முழுவதும் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். நான் வேலையை விடவில்லை. விடச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தால் விட்டிருப்பேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன். அடுத்த குளிர்காலத்தில் லைசென்சுக்கு எழுதிப் போட்டேன். ஒரு பொலிஸ்காரர் வந்து சோபாவின் நுனியில் இருந்து, உங்கள் கணவரிடம் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஏதும் பயம் உண்டா என்று கேட்டார். அவள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "இல்லை," என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குள் என் பித்தளை முனைக்குப் பெயர் பரவி, ஹமில்டனிலிருந்தும் ஆட்கள் கேட்டு வரத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த நவராத்திரி வந்தபோது நான் பூசையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"உங்கட பெட்டியைக் கொண்டு வாங்கோ."

கொண்டு வந்தேன். முனைகள் இரண்டு கடைந்து முடித்து வைத்திருந்தேன், ஆட்கள் வாங்க வரவேண்டியவை. வேலைத்தலத்தில் வைத்துவிட்டு வருவோமா என்று யோசித்தேன். இனி ஒளிக்கக்கூடாது என்று பெட்டியிலேயே விட்டேன். அவள் வெள்ளைத் துணியை விரித்தாள். தையல் மெசினுக்கு, அரிவாளுக்கு, அரத்துக்கு, உளிக்கு, எல்லாவற்றுக்கும் போன வருடம்போல ஒரு சின்னப் பொட்டு. கடைசியாக இரண்டு முனைகளையும் எடுத்தாள். இது என்ன என்று கேட்கவில்லை. குழி மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தாள். கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை வழித்தெடுத்து, இரண்டு குழியையும் விளிம்பு வரைக்கும் நிரப்பி, பெருவிரலால் அழுத்தினாள். அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

அடுத்தநாள் காலை வேலைத்தலத்தில், முதலாளி வருவதற்கு முன்னால், கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, இரண்டையும் ஊறப்போட்டு, ஊசியால் சுரண்டி எடுத்தேன். துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தேன். மணம் போய்விட்டது என்று நிச்சயமான பிறகுதான் ஆட்களிடம் கொடுத்தேன்.

அந்த வேலையில் நான் இருந்த வருடமெல்லாம் அவள் சந்தனத்தால் நிரப்பினாள். ஒவ்வொரு வருடமும் அதைக் கழுவியது நான்தான்.